அமலாவின் வண்டி செல்ஃப் எடுக்கவில்லை

1

அயர்லாந்துக்கு வந்து ஏழு வருடம் நிறைந்த அன்று காலை, வேலைக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். வருடா வருடம் அந்த நாளில் என் கணவர் ஆரோக்கியம்தான் கேசரி கிளறுவார். எனக்கு அன்று சமையலறையிலிருந்து விடுதலை. டப்பாவில் கொஞ்சம் கேசரி மடியில் சூடாக இருந்தது. ஜன்னலில் மழை. ஏழு வருடத்தில் என்ன சாதித்தோம் என்று பெரிதாக யோசிக்கத் தொடங்கிய நேரத்தில் போன் அடித்தது. படப்பையிலிருந்து என் தங்கை அமலா.

“அக்கா, ஏழு வருசம் ஆச்சே, வாழ்த்து சொல்லலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள வண்டி மக்கர் பண்ணிடுச்சி.”

“எங்க நிக்கிற?”

“ஒரகடத்துலதான். மொத கம்பெனி கேட்டாண்ட. சாப்பாடு எறக்கிட்டு வந்து சாவி திருப்பறேன், டிக்குங்குது. அவ்ளோதான். இரு, போனைக் கிட்ட வைக்கிறேன், நீயே கேளு.”

கேட்டேன். எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து, லாரிகளின் ஹாரன் சத்தத்துக்கு நடுவே, ஒரு சின்ன ‘டிக்’. மறுபடியும் ‘டிக்’. எஞ்சின் சுற்றவே இல்லை. முன்சீட்டில் இருந்த பெண்மணி திரும்பிப் பார்த்தார். அப்போதுதான் தெரிந்தது, நானும் வாய்விட்டு “டிக்கா? டிக் டிக்கா?” என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

அமலா நான்கு பெண்களோடு சேர்ந்து வீட்டிலேயே மதியச் சாப்பாடு சமைத்து, கேன்டீன் இல்லாத இரண்டு சின்னக் கம்பெனிகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். அன்று தொடங்கி தினமும் இதே கதைதான். காலையில் வண்டி சொன்னபடி கேட்கும். சேரப்பணஞ்சேரி தாண்டி ஒரகடம் வரைக்கும் ஒழுங்காக ஓடும். முதல் கம்பெனியில் நிறுத்தி, சாப்பாட்டை இறக்கிவிட்டு மறுபடி எடுக்கும்போதுதான் அடம். அரை மணி நேரம் சும்மா விட்டால் தானாக ஸ்டார்ட் ஆகிவிடும். அந்த அரை மணி நேரத்தில் இரண்டாவது கம்பெனியின் சாப்பாட்டு நேரம் முடிந்துவிடும். அங்கே மதியம் என்றால் இங்கே விடிந்தும் விடியாத பொழுது. அதனால் என் பஸ்ஸும் அவள் ‘டிக்’கும் ஒரே நேரத்தில் அமைந்துபோயின.

2

அந்த வண்டி என்னுடையது. இன்றைக்கும் ஆர்.சி. புத்தகத்தில் என் பெயர், சகாயமேரி, என்றுதான் இருக்கிறது. சீட்டைத் தூக்கினால் அடியில் எஞ்சின் இருக்கும், அந்தப் பழைய சின்ன வேன். செகண்ட் ஹாண்டாக வாங்கினோம். ஆரோக்கியம் வெல்டர், நான் ஒரகடத்தில் ஒரு வயரிங் கம்பெனியில் லைனில் வேலை. கார்களுக்குள் ஓடும் ஒயர்க் கொத்துகளைக் கட்டி, முனையில் கிளிப் அடித்து, இழுத்துப் பார்த்து அனுப்ப வேண்டும். ஒன்பது வருடம் நின்றுகொண்டே செய்தேன். ஷிப்ட் முடிந்தால் கம்பெனி பஸ் படப்பை சிக்னலில் இறக்கிவிடும். வேன் வாங்கிய பிறகு நானே ஓட்டிக்கொண்டு போனேன். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் ஒரு பெண் வேன் ஓட்டிக்கொண்டு வந்தால் அப்போதெல்லாம் டீக்கடையில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். நான் ஹாரன் அடித்துவிட்டுப் போவேன்.

அப்படி ஓட்டியவளுக்கு இந்த நாட்டில் வண்டி ஓட்டத் தெரியாது. நம் ஊர் லைசென்ஸ் இங்கே செல்லாது. எழுத்துப் பரீட்சை எழுதி, பாடம் எடுத்து, தேர்வுக்கு வரிசையில் காத்திருக்க வேண்டும். இரண்டு தடவை போனேன். முதல் தடவை, ரவுண்டானாவில் அதிகம் தயங்குகிறேன் என்று ஃபெயில். இரண்டாவது தடவை, தயங்கவில்லை என்று ஃபெயில். மூன்றாவதுக்கு இன்னும் கூப்பிடவில்லை. அதனால்தான் பஸ்.

ஆர்.சி.யை அமலா பெயருக்கு மாற்ற மூன்று முறை முயன்றோம். ஆன்லைனில் போட்டால் ஓ.டி.பி. என் பழைய படப்பை நம்பருக்குப் போகிறது. அந்த சிம் இங்கே மழை பெய்தால் வேலை செய்வதில்லை. இங்கே எப்போதும் மழை. நேரில் வரச் சொல்கிறார்கள். “அக்கா அயர்லாந்துல கீறாங்க சார்” என்று அமலா சொன்னதற்கு, “அது எந்த ஆர்.டி.ஓ. லிமிட்டும்மா?” என்று கேட்டாராம் கவுன்டரில் இருந்தவர். எங்கள் வீட்டில் அது இன்றும் ஓடும் நகைச்சுவை.

அமலாவும் லைனில் நின்றவள்தான். ஒரு செல்போன் கம்பெனியில் கான்ட்ராக்ட். ஒரு நாள் அந்த லைனையே மூடினார்கள். இரண்டு வாரம் சும்மா இருந்தாள். அப்புறம் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, “அக்கா, லைன்ல நின்னப்ப எனக்கு வேலை கஷ்டமா தெரியல. ஆறிப்போன சோறுதான் கஷ்டம். சூடா சாப்பாடு குடுத்தா எடுத்துக்குவாங்கதான?” என்றாள். வேன் அவளிடம் சும்மாதான் நின்றுகொண்டிருந்தது. அப்படி ஆரம்பித்தது.

3

முதல் வைத்தியம் நான் சொன்னதுதான். “பேட்டரி வீக். மாத்து.” ஒயர்க் கம்பெனியில் இருந்தவள் சொன்னால் சரியாக இருக்கும் என்று மாற்றினாள். மறுநாளும் ‘டிக்’.

இரண்டாவதும் என் யோசனை. “அப்ப செல்ஃப் மோட்டார்தான்.” படப்பை மெக்கானிக் பாஸ்கர் அதைக் கழற்றி, காயிலைப் பார்த்து, கார்பன் மாற்றிப் பூட்டினார். இரண்டு நாள் நன்றாக எடுத்தது. அமலா எனக்கு வீடியோவில் வண்டிக்கு முத்தம் கொடுத்துக் காட்டினாள். மூன்றாம் நாள் ‘டிக்’.

பாஸ்கர் பொறுமைசாலி. ஆனால் அவரால் எதையும் கண்ணால் பார்க்க முடியவில்லை. எப்படியோ தள்ளிக் கிள்ளி வண்டியை ஷெட்டுக்குக் கொண்டுபோவாள். அவர் வந்து சாவியைத் திருப்பினால் ஒரே திருப்பில் ஸ்டார்ட்.

“நல்லாத்தானம்மா கீது?”

“அண்ணா, சத்தியமா அங்க எடுக்கல.”

“இங்க எடுக்குதே.”

“உங்களைப் பாத்தா பயந்துக்கினு எடுக்குதுண்ணா. நீங்க கேட்டாண்ட வந்து நில்லுங்க.”

இதற்குள் என் வேலை இடத்திலும் வண்டி விஷயம் பரவியது. நான் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறேன். அங்கே எனக்கு மேலாளர் மோரீன். நல்ல மனுஷி. என் முகம் வாடியிருப்பதைப் பார்த்து ஒருநாள் என்ன என்று கேட்டார். என் தங்கையின் வண்டி செல்ஃப் எடுக்க மாட்டேன் என்கிறது என்பதை அவசரத்தில் அப்படியே ஆங்கிலத்தில் கொட்டிவிட்டேன். “மை சிஸ்டர், செல்ஃப் இஸ் நாட் டேக்கிங்.” வண்டி என்ற சொல் எங்கோ விழுந்துபோனது.

மோரீன் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். எவ்வளவு நாளாக என்று மெதுவாகக் கேட்டார். இரண்டு மாதமாக, தினமும் மத்தியானம் என்றேன். காலையில் எப்படி என்றார். காலையில் நன்றாக இருக்கிறது, சூடு ஏறினால்தான் பிரச்சினை, சில நாள் நாலு பேர் பிடித்துத் தள்ள வேண்டியிருக்கிறது என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். மாலையில் கிளம்பும்போது மன அழுத்தத்துக்கு உதவும் ஒரு மையத்தின் கையேட்டைத் தந்து, தன்னிடம் தானே கனிவாக இருக்கும்படி தங்கையிடம் சொல் என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும், பத்தாவது படிக்கும் என் மகள் நிவேதா சோபாவிலிருந்து உருண்டு விழுந்து சிரித்தாள். செல்ஃப் என்று இங்கே யாரும் சொல்வதில்லையாம். ஸ்டார்ட்டர் என்றுதான் சொல்லவேண்டுமாம். சிரித்து முடித்துவிட்டு அவள் கேட்டாள்: “அம்மா, சித்தியோட வண்டிக்கு இன்னும் உடம்பு சரியில்லையா? உங்க ஊர்ல வேற வண்டி கிடைக்காதா?”

அவள் தமிழில் வண்டிக்கும் உடம்பு உண்டு. அது எனக்குப் பிடிக்கும். ஆனால் ‘உங்க ஊர்’ என்ற சொல் எங்கோ இடறியது. படப்பையில் ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு படித்த பெண். எப்போது அது என் ஊராக மட்டும் ஆனது என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. தோசை ஊற்றப் போய்விட்டேன்.

4

தள்ளும் கதையைச் சொல்ல வேண்டும். முதல் கம்பெனிப் பையன்களும் பெண்களும் நல்லவர்கள். அமலா கேட்டுக்கு வெளியே தவிப்பதைப் பார்த்து, சாப்பிட்ட கையோடு ஏழெட்டுப் பேர் வந்து வண்டியைத் தள்ளுவார்கள். இரண்டாவது கியரில் விட்டால் குலுங்கிக்கொண்டு ஸ்டார்ட் ஆகும். “அக்கா சாம்பாருக்கு நாங்க தள்ளலன்னா யாரு தள்ளுவா” என்பார்களாம். சில நாள் அப்படி ஓடியது.

பிறகு ஒருநாள் அந்தக் கம்பெனியின் சேஃப்டி ஆபீசர் பார்த்துவிட்டார். ஹெல்மெட்டோடு வெளியே வந்து, யூனிஃபார்ம் போட்ட ஊழியர்கள் தனியார் வாகனத்தைத் தள்ளக்கூடாது, யாராவது விழுந்தால் யார் பொறுப்பு என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. தள்ளவேண்டும் என்றால் முன்கூட்டியே அனுமதி வாங்கவேண்டும் என்றார். “வண்டி எப்ப மக்கர் பண்ணும்னு முன்னாடியே எனக்கு எப்டி சார் தெரியும்?” என்று அமலா கேட்டாள். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் ரூல் ரூல்தான்.

அதற்கடுத்த தடவை, ரோட்டில் போன இரண்டு பேரைக் கூப்பிட்டுத் தள்ள வைத்தாள். குலுங்கிய குலுங்கலில் சாம்பார் பாத்திரம் கவிழ்ந்தது. இரண்டாவது கம்பெனியில் அன்று வெறும் சோறும் பொரியலும் மோரும். லேட் வேறு. அரை மணி பிரேக்கில் பாதிப் பேர் சாப்பிடாமலே லைனுக்குத் திரும்பினார்கள். அந்த மேனேஜர் திட்டவில்லையாம். “இன்னொரு வாட்டி இப்டி ஆனா வேற ஆளைப் பாத்துக்குவோம்மா. பசங்க பட்டினியா நிக்கிறாங்க” என்றாராம்.

அன்று காலை பஸ்ஸில் எனக்கு வந்த போனில் ‘டிக்’ இல்லை. இரண்டாவது கம்பெனி வாசலில் நின்று அமலா அழுதுகொண்டிருந்தாள்.

“ஆர்டர் போனா போவட்டும்க்கா. ஒரு பொண்ணு தட்டைக் கையில வச்சிக்கினு நின்னுச்சி. பெல்லு அடிச்சிட்டாங்க. தட்டை அப்டியே வச்சிட்டு ஓடிச்சி. நானும் அப்டி ஓடினவதானக்கா.”

என்னால் அந்த பஸ்ஸிலிருந்து என்ன செய்ய முடியும்? நீ அழாதே என்றேன். இங்கிருந்து அனுப்பக்கூடிய பொருளில் அது ஒன்றுதான் என்னிடம் இருந்தது.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவள் சொன்னாள்: “எல்லாம் ஒண்ணா சேந்துக்கினு வருது. ஆக்சிலேட்டர் கேபிள் வேற மறுபடியும் இறுகிக்கிச்சி. பாஸ்கர் அண்ணன் ரெண்டு தபா மாத்திட்டாரு. இன்னிக்கு கையை வச்சா சுடுது.”

“எஞ்சின் பக்கத்துல ஓடுற கேபிள். சுடத்தான செய்யும்?”

“எஞ்சினாண்ட இல்லக்கா. பெடலாண்ட. காலு வைக்கிற எடத்துல.”

5

நான் இறங்கவேண்டிய ஸ்டாப்பைத் தாண்டிப் போய்விட்டேன்.

ஆக்சிலேட்டர் கேபிள் என்பது வெறும் இரும்புக் கம்பி. காலால் அழுத்தினால் எஞ்சினில் ஒன்றை இழுக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. அதில் கரண்ட் ஓடவே கூடாது. எஞ்சினிலிருந்து தள்ளி, பெடல் பக்கம் அது சுடுகிறது என்றால், ஓடக்கூடாத கரண்ட் அதில் ஓடுகிறது. ஒன்பது வருடம் ஒயரோடு கிடந்தவளுக்கு இது இரண்டு மாதத்துக்கு முன்னால் தோன்றியிருக்க வேண்டும். ஆனால் கேபிள் விஷயத்தை அவள் என்னிடம் சொன்னதே இல்லை. அவளுக்கு அது வேறு தலைவலி. ஸ்டார்ட் ஆகாதது வேறு தலைவலி.

“அமலா, அழுவாத. ஹெட்லைட்டைப் போடு. இப்ப சாவியைத் திருப்பு. லைட்டு மங்குதா பாரு.”

கொஞ்ச நேரம் கழித்து வந்தாள். “டிக்குங்குது. லைட்டு அப்டியே பளிச்சினு எரியுதுக்கா.”

அப்படியென்றால் பேட்டரியில் குறையில்லை. பேட்டரியிலிருந்து மோட்டாருக்குக் கரண்ட் போக ஒரு வழி வேண்டும். திரும்பி வர ஒரு வழி வேண்டும். திரும்பி வரும் வழிதான் எஞ்சினையும் வண்டியின் உடம்பையும் இணைக்கும் எர்த் ஒயர். அது அறுந்திருந்தால் கரண்ட் கிடைத்த சந்தில் நுழைந்து திரும்பும். இங்கே அந்தச் சந்து, பாவம், ஆக்சிலேட்டர் கேபிள்.

அடுத்த பஸ் பிடித்துத் திரும்பி வரும் வழியில் பாஸ்கரைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

“அட, நான் கேபிள் செஞ்சவனைத் திட்டிக்கினு இருந்தேம்மா. ஆனா எர்த் ஒயரை நான் பாத்தேனே, நல்லாத்தான் இருந்திச்சி. சரி, ஒண்ணு பண்றேன். இந்த வண்டி ஷெட்டுல நடிக்குது. நாளைக்கு நானே சாப்பாட்டு வண்டியில ஏறி வரேன். அது எங்க சாவுதோ அங்க வச்சிப் பாக்கறேன்.”

அந்த யோசனை எனக்கு வரவில்லை. வண்டியை நோய் வரும் இடத்திலேயே வைத்துப் பார்ப்பது.

மறுநாள் எனக்கு விடுமுறை. சமையலறை மேசையில் போனை நிறுத்தி வைத்து வீடியோவில் பார்த்தோம். ஆரோக்கியம் டீயோடு. நிவேதா பள்ளிக்கூடச் சீருடையில், பாலில் ஊறும் கார்ன்ஃப்ளேக்ஸோடு. திரையில் பளீரென்ற வெயில், கம்பெனி கேட், பின்னால் வரிசையாக லாரிகள். பாஸ்கர் சாம்பார் பாத்திரத்தை முழங்காலால் அணைத்துப் பிடித்தபடி வந்து இறங்கினார். சாப்பாடு இறக்கியாயிற்று. அமலா சாவியைத் திருப்பினாள்.

‘டிக்’.

பாஸ்கரின் முகம் மலர்ந்ததே, அப்படி ஒரு மலர்ச்சி. “எடுக்கல! எடுக்கலம்மா!” என்று கேமராவைப் பார்த்துக் கத்தினார். ஒரு வண்டி ஸ்டார்ட் ஆகாததற்கு அவ்வளவு சந்தோஷப்பட்ட மெக்கானிக்கை நான் பார்த்ததில்லை.

சீட்டைத் தூக்கினார். தடிமனான கேபிள் ஒன்றின் ஒரு முனையை பேட்டரியின் மைனஸில் மாட்டி, மறுமுனையை எஞ்சினின் இரும்பில் அழுத்திப் பிடித்தார். “திருப்பும்மா.”

திருப்பினாள். எஞ்சின் ஒரே சுற்றில் உறுமியது. நிவேதா கரண்டியை விட்டெறிந்து, இந்த ஊர்ப் பிள்ளைகள் மைதானத்தில் கத்துவதுபோல் “கோ ஆன்!” என்று கத்தினாள். அங்கே அமலா சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. போன் அந்த ஆட்டம் ஆடியது. கேட்டில் நின்ற சேஃப்டி ஆபீசர்கூட ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டு எட்டிப் பார்த்தார்.

பாஸ்கர் அப்போதே வண்டியை ஓட்டிக்கொண்டு இரண்டாவது கம்பெனிக்குப் போகச் சொன்னார். நேரத்துக்குச் சாப்பாடு போய்ச் சேர்ந்தது. பிறகு ஷெட்டில் பழைய எர்த் ஒயரைக் கழற்றி எனக்குக் காட்டினார். மேலே கறுப்பு உறை புதிது மாதிரி இருந்தது. கத்தியால் கீறினார். உள்ளே செம்புக் கம்பி எல்லாம் பச்சைத் தூளாகப் போயிருந்தது. நாலைந்து இழைதான் மிச்சம். வண்டி ஆறியிருக்கும்போது அந்த இழைகள் ஒட்டிக்கொண்டு பிழைப்பை நடத்தின. சூடேறினால் விட்டுவிட்டன. போன ஐப்பசியில் தெருவில் முட்டிவரை தண்ணீர் நின்றபோது வண்டியும் அதில் நின்றிருக்கிறது.

“இன்னாம்மா இது, கொத்தமல்லி சட்னி மாதிரி” என்றார் பாஸ்கர்.

“புது ஒயர்ல முனையை முறுக்கி வுட்டுடாதீங்கண்ணா. கிளிப்பை நல்லா அழுத்தி அடிச்சிட்டு இழுத்துப் பாருங்க” என்றேன். லைனில் இருந்தபோது ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்லியிருப்பேனோ, அந்தக் குரலிலேயே வந்தது.

நிவேதா என்னைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள். “நீ இதெல்லாம் செஞ்சியாம்மா? கார் உள்ள இருக்கிற ஒயர் எல்லாம்?”

“இந்த ரோட்டுல போற ஏதாவது ஒரு கார்ல நான் கட்டுன ஒயர் இருக்கலாம்.”

அவள் ஜன்னல் பக்கம் போனாள். பள்ளிக்கு நேரமாகிறது என்று நான் கத்தும்வரை தெருவில் போகிற கார்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

6

அதன் பிறகு வண்டி ஒருநாள்கூட நிற்கவில்லை. ஆக்சிலேட்டரும் இறுகவில்லை. இரண்டாவது கம்பெனி ஆர்டர் தங்கியதோடு, பக்கத்தில் இன்னொரு கம்பெனியும் கேட்டிருக்கிறதாம். சமைக்க இன்னும் இரண்டு பெண்கள் சேர்ந்திருக்கிறார்கள். மோரீனிடம் உண்மையைச் சொல்லிக் கையேட்டைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் கண்ணில் நீர் வரச் சிரித்து, அது உனக்கே இருக்கட்டும் என்றார்.

ஆனால் பஸ்ஸில் என் போன் அடிப்பதில்லை. முதல் வாரம் நிம்மதியாக இருந்தது. இரண்டாவது வாரம் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்த ஏழு வருடத்தில் நானும் அவளும் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் பேசுவோம், பூசை முடிந்து, எல்லோரும் நலம் என்று. வண்டி கெட்ட அந்த இரண்டு மாதத்தில்தான் தினமும் பேசினோம். என்ன குழம்பு வைத்தாள், எவன் ரோட்டில் குறுக்கே வந்தான், என் பஸ்ஸில் யார் தும்மினார்கள் என்பதுவரை. அது எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று வண்டி சரியான பிறகுதான் தெரிந்தது.

நேற்றுப் பொறுக்க முடியாமல் நானே கூப்பிட்டேன். நாலைந்து முறை மணி அடித்த பிறகு எடுத்தாள். பின்னால் எஞ்சின் சத்தம் கேட்டது.

“இன்னாக்கா, ஒடம்பு கிடம்பு நல்லா கீதா?”

“நல்லாத்தான் இருக்கேன். சும்மாதான் கூப்பிட்டேன்.”

“அய்யோ, சும்மாவா? அக்கா, மூணாவது கம்பெனிக்குப் போய்க்கினு கீறேன். வண்டி ஓடிக்கினு கீது, ரோட்டுல ஒரே லாரி. வச்சிடட்டா?”

“வை, வை. ரோட்டைப் பாரு.”

வைத்துவிட்டாள். நான் பஸ்ஸில் தனியாகச் சிரித்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், முன்பு ‘டிக்’ சத்தத்துக்குத் திரும்பிப் பார்த்த அதே பெண்மணி. நல்ல செய்தியா என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். என் தங்கைக்கு என்னோடு பேச நேரமில்லை.